பன்னிரண்டு மணி சூப்

ஜூலை 16, செவ்வாய்.
தவறு: நேற்று படுக்கும் முன் சமையலறைக் குழாயைச் சொட்டவிடவில்லை. மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன், அது சரியல்ல. சொட்டவிட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் யாரையாவது கேட்டிருக்கலாம். குழாய் உறைந்ததால் சூப் நாற்பது நிமிடம் தாமதம்.

எழுதியதை மெரானியா ஒருமுறை படித்துப் பார்த்தாள். நாற்பது நிமிடம் என்று எழுதும்போது ஏதோ பேருந்து தாமதமாக வந்ததுபோல இருந்தது. சாப்பாட்டுக்கு இருப்பதே ஒரு மணி நேரம்தான். பன்னிரண்டு நாற்பதுக்குக் கொதிக்கக் கொதிக்க வந்த சூப்பை இருபது நிமிடத்தில் குடிக்கப் போய் ஒன்பது பேரும் நாக்கைச் சுட்டுக்கொண்டு எழுந்துபோன கதையை எழுத நோட்டில் கட்டம் இல்லை. மணி, செய்தது, தவறு, நாளை என்று நாலே கட்டம். டனீடன் நகரில் மாலை வகுப்பு எடுக்கும் திருமதி பிளைத் கோடு போட்டுக் கொடுத்தது அவ்வளவுதான்.

பகலில் ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை, வாரத்தில் மூன்று மாலை சமையல் வகுப்பு என்று ஒன்றரை வருடம் ஓட்டியிருந்தாள். சான்றிதழுக்கு இனி ஒன்றுதான் பாக்கி. நாற்பது நாள் உண்மையான அடுப்படியில் சமைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்காகத்தான் இப்போதைக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மேனியட்டோட்டோ சமவெளியில் இருக்கும் இந்த ஆட்டுப் பண்ணைக்கு வந்திருந்தாள். தென்கோளத்தில் ஜூலைதான் நடுக்குளிர்காலம்.

பெண்ணாடுகள் குட்டி போடும் முன் ரோமம் கத்தரித்துவிட வேண்டும். அந்த வேலைக்காகப் பண்ணை பண்ணையாகப் போகும் கேங் டூகலுடையது. அவர்தான் மேஸ்திரி, அவரும் கத்தரிப்பவர்தான். கேங்குக்குச் சமைத்துவந்த அம்மாள் முழங்கால் அறுவைக்குப் போய்விட்டாள். இன்னும் ஏழு வாரத்துக்கு வேலை இருந்தது. ஏழு வாரமும் மெரானியாவே சமைப்பாளா என்பது வியாழக்கிழமை மாலை தெரிந்துவிடும். கேங்கில் ஒன்பது பேர். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு எழுதித் தகர டப்பாவில் போடுவார்கள். வேண்டாம் என்று விழுந்தால் டூகல் அன்றைக்கே ஓமரூவில் இருக்கும் இன்னொரு சமையல்காரரைக் கூப்பிட்டுவிடுவார். அவள் திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் நிற்க வேண்டியதுதான்.

வந்த அன்றே ஹோனே விஷயத்தைச் சொல்லிவிட்டார். கத்தரிப்பவர்களில் மூத்தவர், ஐம்பத்தாறு வயது, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. மெரானியாவுக்கு அவர் எந்த வகையிலும் உறவில்லை. ஆனால் கேங்கில் எல்லோருக்கும் அவர் மாமா.

“இங்க பாரு புள்ள. காலைல நீ எதப் போட்டாலும் தின்னுருவோம். சாயங்காலம் இருக்கற பசிக்குக் கல்லக்கூடக் கடிச்சுருவோம். நடுவுல அந்தப் பன்னெண்டு மணி சூப்புதான் விஷயம். சூடா இருக்கணும். கெட்டியா இருக்கணும். பன்னெண்டுக்கு இருக்கணும். ஒரு மணிக்குக் குனிஞ்சா மூணு மணிக்குத்தான் நிமிருவோம். வயித்துல அது இல்லேன்னா இடுப்பு பேச ஆரம்பிச்சுரும்.”

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டாள்: சூடு. கெட்டி. 12.

திங்கட்கிழமை சூப் சூடாக இருந்தது, பன்னிரண்டுக்கு இருந்தது, தண்ணீராக இருந்தது. இளம் ஆட்டின் எலும்பு, பார்லி, பட்டாணிப் பருப்பு, கேரட், டர்னிப், வெங்காயம் எல்லாம் வகுப்பில் சொன்ன அளவுப்படிதான் போட்டிருந்தாள். மேசைக்குப் பக்கத்தில் நின்று, “சரியா இருக்கா? சரியா இருக்கா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். தாமட்டி, கத்தரிப்பவர்களில் சின்னவன், கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “அந்தப் பக்கம் மலை தெரியுது” என்றான். செவ்வாய்க்கிழமை பருப்பை அள்ளிப் போட்டுக் கெட்டியாகவும் சூடாகவும் செய்தாள், நேரம் போய்விட்டது. மூன்றில் இரண்டுதான் கைக்கு அகப்பட்டது. மூன்றாவது எப்போதும் வழுக்கிக்கொண்டு போனது.

ஆகவே செவ்வாய் இரவு ‘நாளை’ என்ற கட்டத்தில் எட்டு வரி எழுதினாள். குழாயைச் சொட்டவிட்டாள். அது போதாதென்று இரண்டு பானையிலும் கெட்டிலிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். நிலக்கரியை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குவித்தாள். கேரட்டை நறுக்கி ஈரத்துணி போட்டு மூடினாள்.

புதன்கிழமை எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்தது. ஐந்தரைக்கு எலும்பு ஏறியது. ஏழரைக்குக் கொட்டகையில் கத்தரிக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியது. வெளியே பனிமூட்டம் உறைந்து வேலிக்கம்பிகளில் விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழே முக்காலுக்குப் பார்லியைக் களைந்து பானையில் போட்டாள். ஏழு ஐம்பதுக்கு மோட்டார் நின்றது.

மின்கம்பி அறுந்திருக்கும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரோய்மாட்டா பூட்ஸை வாசலில் உதைத்துவிட்டு உள்ளே வந்தாள். கத்தரித்த ரோமத்தை மேசையில் விரித்துத் தரம் பிரிப்பவள் அவள். வந்ததும் தன் கையுறையைக் கழற்றி அடுப்புக் கம்பியில் தொங்கவிட்டாள்.

“ஈரம்னு விழுந்துருச்சு.”

“என்ன அக்கா விழுந்துச்சு?”

“சீட்டுதான். ஆளுக்கு ரெண்டு ஆடு கத்தரிச்சுப் பாத்தாங்க. கத்தரிக்கற அஞ்சு பேரும் சீட்டுப் போட்டாங்க. நாலு ஈரம், ஒண்ணு காய்ஞ்சிருக்கு. அந்த ஒண்ணு டூகலாத்தான் இருக்கும். அவருக்குத்தான எப்பவும் அவசரம்.”

ராத்திரி ஆடுகளைக் கொட்டகைக்கு அடியில்தான் அடைத்திருந்தார்கள். ஆனாலும் பனிமூட்டம் பலகை இடுக்கு வழியாகப் புகுந்து நனைத்துவிட்டது. ஈர ஆட்டை நாள் முழுக்கக் கட்டிப்பிடித்துக் கத்தரித்தால் மூட்டுக்கு மூட்டு வாதம் வந்து உட்காரும். அதனால் சீட்டில் ஈரம் என்று விழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மேஸ்திரியும் எதிர்த்துப் பேச மாட்டார், பண்ணைக்காரரும் பேச மாட்டார்.

“அப்ப சூப்பு?” என்றாள் மெரானியா.

“எந்தச் சூப்பு?”

“பன்னெண்டு மணி சூப்பு அக்கா. எலும்பு அஞ்சரைலேர்ந்து வேகுது. பார்லிய இப்பத்தான் போட்டேன்.”

“அப்ப பார்லிய வெளிய எடுத்துரு.” ரோய்மாட்டா சிரித்தாள். பிறகு மெரானியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏய், அப்படி மூஞ்சிய வெக்காத. நாங்கல்லாம் ரான்ஃபர்லிக்குப் போறோம். பப்புல கணப்பு எரியும். நீயும் வா” என்றாள்.

“பன்னெண்டுக்குத் திரும்பிருவீங்களா?”

“தங்கச்சி, ஈரம்னு விழுந்த அன்னைக்குப் பன்னெண்டுக்கு யாரும் எங்கிருந்தும் திரும்ப மாட்டாங்க.”

வேன் கிளம்பிப் போனது. மெரானியா போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. பத்தரைக்குக் கேரட் போட வேண்டும் என்று நோட்டில் இருந்தது, போட்டாள். பதினொன்றே காலுக்கு எலும்பை எடுத்துக் கறியை உதிர்த்துப் பானையில் சேர்த்தாள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, சூடாக, கெட்டியாக, ஒன்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் சூப் தயாராக இருந்தது.

ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டுப்போயிருந்தாலாவது கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நோட்டில் ‘தவறு’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். எழுதியதும் சந்தேகம் வந்து அடித்துவிட்டு, ‘காலையில் ஆட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை’ என்று எழுதினாள். சமையல்காரி ஏன் ஆட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதையும் அடித்தாள்.

சூப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மீந்ததை உடனே ஆறவைத்துக் குளிரில் வைக்க வேண்டும் என்பது வகுப்பில் முதல் வாரமே சொன்ன பாடம். குளிர்சாதனப் பெட்டியில் பாலும் வெண்ணெயும் நிறைந்திருந்தன. இருபது லிட்டர் பானைக்கு அங்கே இடம் ஏது? பின்கதவைத் திறந்தாள். பெட்டிக்குள் இருப்பதைவிட வெளியே குளிர் அதிகம். கரண்டியோடு பானையைப் படியில் இறக்கி, மூடி மேல் ஒரு கல்லையும் வைத்தாள். நாளைக்குச் சூடு பண்ணினால் போதும். முதல்முறையாக மூன்றும் கையில் இருந்தன. இரவு சந்தோஷமாகவே படுக்கப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு மூடியைத் திறந்து கரண்டியைப் பிடித்தாள். கரண்டி வரவில்லை. இழுத்தாள். பானையும் சேர்ந்து வந்தது. கரண்டிக்காம்பைச் சுற்றிப் பச்சையும் ஆரஞ்சுமாக, கேரட் துண்டுகள் பதித்த பாறையாக நின்றது நேற்றைய சூப். கொட்டகைச் சுவரில் இருந்த வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று காட்டியது.

சுமந்துபோய் அடுப்பில் ஏற்றினாள். அரை மணி நேரத்தில் அடியிலிருந்து கருகல் வாடை வந்தது. மேலே பாறை அப்படியே இருந்தது. கத்தியால் குத்தினாள், சுத்தியலால் தட்டினாள். ஒரு துண்டு தெறித்து ஜன்னலில் பட்டது. அடி தீய்ந்த பருப்பின் வாடை பானை முழுக்க ஏறிவிட்டது. அதை என்ன செய்தாலும் இனி எடுக்க முடியாது. பானையைத் திரும்பக் கொண்டுபோய்ப் பின்படியிலேயே வைத்தாள்.

மணி ஏழு. அடுப்படியின் நடுவில் நின்று அவள் சத்தமாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு நோட்டைப் புரட்டினாள்.

புதிதாகத்தான் போட வேண்டும். ஏழு மணிக்கு எலும்பு ஏறினால் ஐந்து மணி நேரம் இருக்கிறது. சிறிதாக வெட்டினால் ஆகும். முற்றத்தைத் தாண்டி இறைச்சி அறைக்கு ஓடினாள். நாலு பக்கமும் வலையடித்த சின்ன அறை அது, காற்றில் கறி தொங்கும். வந்த அன்று பண்ணைக்காரர் ஆங்கஸ் காட்டியபோது அவள் எழுதி வைத்திருந்தாள்: இடது கொக்கி நமது, வலது கொக்கி நாய்களுடையது. பண்ணையில் மந்தை மேய்க்கும் நாய்கள் ஏழு இருந்தன. அவற்றுக்கும் ஆடு வெட்டி அங்கேதான் தொங்கவிடுவார்.

அறையின் முற்றத்துக் கதவுத் தாழ் பனியில் இறுகியிருந்தது. தட்டினாள், உதைத்தாள், கை வலித்ததுதான் மிச்சம். நிலக்கரிக் கிடங்கு பக்கம் சுற்றிப் போனால் இன்னொரு கதவு இருந்தது. அது திறந்தது. உள்ளே நுழைந்து இடது கொக்கியைப் பார்த்தாள். கழுத்தும் முன்னங்கால்களும் தொங்கின. கறி கொஞ்சம் கறுத்த சிவப்பு, கொழுப்பு மஞ்சளாக இருந்தது. திங்கட்கிழமை இப்படி இல்லையே என்று ஒரு நொடி தயங்கினாள். நோட்டை எடுத்துப் பார்த்தாள். இடது கொக்கி நமது. எழுத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கோடாலியால் கழுத்தைச் சின்னச் சின்னதாக வெட்டினாள். அடுப்பை ஊதி ஊதி இரும்பைச் சிவக்கவைத்தாள். பத்து மணிக்கு மூடியைத் திறந்தபோது, இதுவரை அவள் பானையில் வராத வாசனை ஒன்று வந்தது. கனமான, அடித்தொண்டைவரை இறங்கும் வாசனை. சூப் கரண்டியில் ஒட்டியது. அவள் நம்பவில்லை. கரண்டியைக் கழுவிவிட்டு இன்னொரு முறை விட்டுப் பார்த்தாள். ஒட்டத்தான் செய்தது.

அன்று ஆடுகள் காய்ந்திருந்தன. பன்னிரண்டு அடித்ததும் ஒன்பது பேரும் முதுகில் ஆவி பறக்க வந்து உட்கார்ந்தார்கள். சூப் மேசையில் இருந்தது.

கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. மெரானியா வழக்கம்போல் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“சரியா இருக்கா?”

ஹோனே ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமலேயே கிண்ணத்தை நீட்டினார். ஊற்றினாள். டூகல் நீட்டினார். ரோய்மாட்டா நீட்டினாள்.

“நான் இவளக் கட்டிக்கலாம்னு இருக்கேன்” என்றான் தாமட்டி.

“நீ மொதல்ல உன் காலுறையத் தொவைடா” என்றாள் ரோய்மாட்டா.

சூடு, கெட்டி, பன்னிரண்டு. மூன்றும் ஒரே நாளில், ஆட்களோடு சேர்ந்து. மெரானியா கடிகாரத்தைப் பார்த்தாள். சீட்டு சாயங்காலம் ஐந்தரைக்கு. இன்னும் ஐந்து மணி நேரம் எதுவும் நடக்காமல் இருந்தால் போதும்.

பன்னிரண்டரைக்கு ஆங்கஸ் கதவைத் திறந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சாப்பிடுங்க, சாப்பிடுங்க. ஒண்ணுமில்ல, ஒரு விஷயம் கேக்க வந்தேன். என் நாய்ங்களுக்கு வெச்சிருந்த கறிய யாராச்சும் பாத்தீங்களா? கழுத்தும் முன்னங்காலும் தொங்கவிட்டிருந்தேன். காணோம்.”

“எந்தப் பக்கம் தொங்கவிட்டீங்க?” என்றாள் மெரானியா.

“வலது பக்கந்தாம்மா. அன்னைக்கே சொன்னேனே. முற்றத்துக் கதவுல நுழஞ்சா வலது.”

நிலக்கரிக் கதவில் நுழைந்தால் அது இடது. அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. நோட்டில் கொக்கியை எழுதியிருந்தாள், கதவை எழுதவில்லை.

ஒன்பது கரண்டிகளும் நின்றன. ஆங்கஸ் மேசையைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

“ஓ” என்றார்.

தாமட்டி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே மடக்கி, நாக்கைத் தொங்கவிட்டு, “லொள்” என்றான்.

“சும்மா இருடா” என்றார் டூகல். பிறகு ஆங்கஸிடம், “சீக்கு ஆடா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சேச்சே. சீக்கெல்லாம் இல்ல. கெழட்டு ஆடு. பல்லு கொட்டிருச்சு, குளிர் தாங்காதுன்னு செவ்வாக்கெழம வெட்டுனேன். நல்லாத் திடமாத்தான் இருந்தா.” ஆங்கஸ் தலையைச் சொறிந்தார். “கறி மெல்ல முடியாது, அதான் நாய்க்கு. ஆனா எலும்புல சாரம் இருக்கும்.”

“இருந்துச்சு” என்றார் ஹோனே கிண்ணத்துக்குள் பார்த்தபடி.

“அது சரி. என் நாய்ங்களுக்கு நான் என்னத்தப் போடறது? இந்தக் குளிர்ல ஏழும் காலைலேர்ந்து மந்தை பின்னாடி ஓடுதுங்க.”

மெரானியா அவசரமாகப் பின்படியைக் காட்டினாள். “அங்க ஒரு பானை சூப்பு இருக்கு. அடி பிடிச்சிருச்சு. ஆனா நெறைய இருக்கு. உறைஞ்சிருக்கு. அத வேணா…”

“வெங்காயம் போட்டிருக்கியாம்மா?”

“ம்.”

“நாய்க்கு ஆகாது.”

டூகல் பெருமூச்சு விட்டு எழுந்தார். “எங்க கொக்கில ஒரு தொடை தொங்குதுல்ல? அத எடுத்துக்குங்க. நியாயம் அதுதான்.”

மேசையில் இதுவரை இல்லாத சத்தம் அப்போதுதான் கிளம்பியது.

“எந்தத் தொடை? நாளைக்கு ரோஸ்ட் போடற தொடையா?” என்றாள் ரோய்மாட்டா.

“வெள்ளிக்கெழம ரோஸ்டு நாய்க்கா?” தாமட்டி எழுந்தேவிட்டான். “மேஸ்திரி, நான் நாய்க்கறி தின்னதுக்கு ஒண்ணும் சொல்லல. சந்தோஷமாத் தின்னேன். ஆனா நாய் என் கறியத் தின்னா நான் பேசுவேன்!”

“ஒக்காருடா. நீ தின்னத அது தின்னாம விட்டுச்சுல்ல?” என்றார் டூகல்.

மெரானியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதையும் யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. பனி மேலா, தாழ்ப்பாள் மேலா? முதல்முறை எல்லாம் அமைந்த நாளில் அது நாயின் பங்காக இருந்தது. நோட்டைப் பார்க்காமல் கண்ணை நம்பியிருந்தால் அந்த மஞ்சள் கொழுப்பைப் பார்த்த உடனே திரும்பி வந்திருப்பாள். திரும்பி வந்திருந்தால், அந்த இளம் எலும்பில் ஐந்து மணி நேரத்தில் சூப் மறுபடி தண்ணீராக இருந்திருக்கும். எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டியது.

ஐந்தரைக்கு மோட்டார் நின்றது. கைகால் கழுவிவிட்டு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஈரம், காய்ந்தது என்று சீட்டுப் போடும் அதே தகர டப்பாதான். மெரானியாவை வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தாள். யாரும் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நின்றாள்.

டூகல் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

“வேணும். வேணாம். வேணாம். வேணும். இது என்னடா, எலும்பு படம் போட்டிருக்கு?”

“கீழ எழுதியிருக்கும் பாருங்க” என்றான் தாமட்டி.

“வேணும். ஓட்டுல படம் வரையாதடா. வேணாம். வேணும். வேணாம்.”

நாலுக்கு நாலு. உருளைக்கிழங்குத் தோல் அவள் கையிலேயே நின்றது. டூகல் கடைசிச் சீட்டைப் பிரித்தார். ஈரக்கையால் மடித்த சீட்டு, ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகத்தால் பிரித்தார்.

“வேணும். அஞ்சுக்கு நாலு. ஏழு வாரம், புள்ள. கையெழுத்து நான் போடறேன். நாளைக்கு எல்லாரும் ரொட்டிக்கு நடுவுல முட்டைய வெச்சுத் தின்னுட்டு வாய மூடிட்டு இருக்கணும். ரோஸ்ட் பேச்சு யாரும் எடுக்கக் கூடாது.”

அவ்வளவுதான். ரோய்மாட்டா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மெரானியாவுக்குச் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் கணக்குதான் ஓடியது. ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் திங்கட்கிழமை சலவைக்கூடம். யார் அந்த நாலு பேர்?

“நான் வேணாம்னுதான் போட்டேன்” என்றார் ஹோனே, கேட்காமலேயே. டீ குடித்த கிண்ணத்தைக் கழுவத் தொட்டிக்கு வந்திருந்தார்.

“ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே மாமா.”

“மூணு. கடைசி ஒண்ண நீ பாக்கல. சூப்பு வேற, சீட்டு வேற.”

“ரோஸ்டுக்காகவா?”

“ரோஸ்டும்தான்.” அவர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். “இன்னொண்ணு சொல்றேன். கோவிச்சுக்காத. ஒருத்தன் வாய்ல கரண்டி போகும்போது பக்கத்துல நின்னு வாயவே பாத்துட்டு சரியா இருக்கா, சரியா இருக்கான்னு கேட்டா எவனுக்கு எறங்கும்? நாலு நாளாத் தொண்டைல ஒரு ஆளு நிக்கற மாதிரி இருக்கு. நீயும் ஒரு கிண்ணம் எடுத்துட்டு ஒக்காரு. இல்ல, அடுப்பப் பாத்துட்டு நில்லு.”

“இத மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேக்கல. சூப்பத்தான கேட்ட.”

அவர் போய்விட்டார். அவளுக்கு மறுபடி எரிந்தது. சூடு, கெட்டி, பன்னிரண்டு என்று மூன்றுதானே சொன்னார்? இது நாலாவது. இப்படி இன்னும் எத்தனை இருக்கிறதோ, ஏழு வாரத்தில் ஒவ்வொன்றாக வருமோ!

அதற்கு முன்னால் நாளைக்கு என்ன செய்வது? அவர்கள் கொக்கியில் இருப்பது இளம் எலும்புதான். அதில் வைத்தால் திங்கட்கிழமைத் தண்ணீரோ செவ்வாய்க்கிழமைப் பருப்புக் கூழோதான் வரும். இன்றைக்கு அந்தச் சூப்பைக் குடித்த வாய் இனி அதைக் குடிக்காது. கெட்டிக்கு வேண்டியது கிழட்டு ஆட்டுக் கழுத்து. அது இருப்பது நாய்களின் பக்கம். அதைக் கேட்க வேண்டிய ஆள், இன்று யாருடைய நாய்களின் சோற்றை அவள் எடுத்தாளோ அந்த ஆங்கஸ்.

பின்படியில் உறைந்த பானை அப்படியே இருந்தது. அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் மேசையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.

ஜூலை 18, வியாழன்.
செய்தது: கழுத்தெலும்பு சூப், பட்டாணிப் பருப்பு, பார்லி. எலும்பு ஏறியது 7.20. பரிமாறியது 12.00.
தவறு: 1. சூப்பை வெளியே விட்டேன். 2. இறைச்சி அறையில் கொக்கியை எழுதினேன், கதவை எழுதவில்லை. 3. சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். (மூன்றாவது தவறுதானா என்று தெரியவில்லை. ஆனால் ஒருவர் சொன்னார்.)
நாளை: ஐந்து மணிக்கு எழுந்து, ஆங்கஸ் நாய்களை அவிழ்க்கும் முன் போய், மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்னொரு கழுத்தெலும்பு கேட்க வேண்டும். முற்றத்துக் கதவுத் தாழுக்குச் சுடுதண்ணீர் எடுத்துப் போக வேண்டும்.

குழாயைச் சொட்டவிட்டுவிட்டு வந்து விளக்கை அணைத்தாள்.